பூர்ணிமாவின் பன்னிரண்டு தட்டுகள்

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி வேலைக்குப் போகிற பெண்களில் பாதிப்பேர் ஏதாவது ஒன்றைப் படித்துவிட்டு வந்தவர்கள்தான். பூர்ணிமா படித்தது ஆசிரியர் பட்டயம். படிப்பை முடித்து, தகுதித் தேர்விலும் தேறி, சான்றிதழைக் கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டு பீரோவில் வைத்துவிட்டு, ஒன்பது வருஷமாகக் குருமூர்த்தியின் கம்பெனியில் தட்டுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அரசாங்கம் இன்றைக்குக் கூப்பிடும் நாளைக்குக் கூப்பிடும் என்று காத்திருந்ததில் வந்து சேர்ந்தது மூக்குக்கண்ணாடிதான். மெல்லிய கோடாகப் போட்டுப் போட்டு முப்பத்தைந்து வயதுக்குள் கண் போய்விட்டது.

வேலை என்ன வேலை என்றால், சுற்றும் பலகையின் நடுவில் தட்டை வைத்து, இடது கையால் பலகையைச் சுழற்றி, வலது கைத் தூரிகையை அசையாமல் பிடிக்க வேண்டும். விளிம்பில் கோடு தானாக விழும். சுழற்சி சீராக இருக்க அந்தக் கொட்டகைப் பெண்கள் எல்லோருமே வாய்க்குள் எதையாவது முணுமுணுப்பார்கள். பூர்ணிமாவுக்கும் அப்படி ஒரு மெட்டு இருந்தது. அதற்கு வார்த்தை கிடையாது. பக்கத்துப் பலகையில் இருந்த வளர்மதிக்கு அதைக் கேட்டுக் கேட்டு, அந்த மெட்டு இல்லாத நாளில் கோடு கோணிவிடும்.

அந்த ஜூலை மாதம் பூர்ணிமாவைக் கடைசியில் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது அரசாங்கம் இல்லை, இரண்டு தெரு தள்ளியிருந்த தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை ராஜம்மாள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை மாறுதலில் போய்விட்டார். நிரந்தரமாக ஒருவர் வரும்வரை உள்ளூரில் படித்த ஒருவரைத் தற்காலிகமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு. ராஜம்மாள் ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. அந்த இரண்டு வருஷமும் தலைவலி இல்லாமல் போக வேண்டும் என்பதைத் தவிர அந்த அம்மாவுக்கு வேறு ஆசை இல்லை. சம்பளத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. பூர்ணிமா அதைக் கேட்கவும் இல்லை. காட்டன் புடவை கட்டி, நகத்தோரத்தில் ஒட்டியிருந்த வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போய் நின்றாள். அதுவரை அவளை “பூர்ணிமாக்கா” என்று கூப்பிட்ட வளர்மதி, மறுநாளிலிருந்து “டீச்சர்” என்றாள். வளர்மதியின் மகள் மதிவதனி அந்த ஒன்றாம் வகுப்பில்தான் இருந்தாள்.

வகுப்பில் இருபத்தொரு பிள்ளைகள். சுவரில் ஒரு எழுத்து அட்டை தொங்கியது. வெயில் பட்டு வெளுத்து, ‘ஐ’ இருந்த மூலையை எலி தின்றிருந்தது. புது அட்டை கேட்டால் வரும்போது வரும் என்றார் ராஜம்மாள். பூர்ணிமா பழைய முதலாளியிடம் போனாள். கம்பெனிக்குப் பின்னால் ரிஜெக்ட் தட்டுகளைக் கொட்டி வைத்திருக்கிற பள்ளம் இருக்கிறது. எடுத்துக்கோம்மா, எப்படியும் மண்ணுக்குத்தான் போகப்போகுது என்றார் குருமூர்த்தி. சிரத்தையாகத் தேடி, உள்ளங்கை அகலத்தில் பன்னிரண்டு தட்டுகளை எடுத்துவந்தாள். ஒவ்வொன்றிலும் கறுப்பு எனாமலில் ஒரு உயிரெழுத்தை, அவளுக்கே உரிய அழகான கையால் எழுதினாள்.

ரிஜெக்ட் தட்டு என்றால் ஏதோ ஒரு குறை இருக்குமல்லவா? ‘அ’ தட்டின் விளிம்பில் பல் போனதுபோல ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. ‘இ’ தட்டு சூளையில் கோணி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. ‘ஈ’ தட்டில் முடிபோல ஒரு விரிசல். ‘உ’ தட்டில், மண்ணில் கிடந்த இரும்புத் துகள் வெந்து ஒரு கறுப்புப் புள்ளி. ‘எ’ தட்டில் மெருகு கண்ணீர் மாதிரி வழிந்து உறைந்திருந்தது. ஒன்பது வருஷம் இந்தக் குறைகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை குறையாகவே படவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு. வேறு ஊர் ஆசிரியை யாரும் அப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது.

வார்த்தை இல்லாத மெட்டுக்கு இப்போது வார்த்தை வந்தது. பலகையைச் சுற்றுகிற அதே தாளத்தில், எழுத்துக்கு ஒரு வரி கட்டினாள்.

அச்சில ஊத்துன மண்ணு, அசையாம நில்லு கண்ணு.
ஈரத் தட்டைத் தொடாதே, ஈயே வந்து உக்காராதே.
உப்பு மூட்டை ஏறு, ஊரைச் சுத்திப் பாரு.
எங்க வூட்டு எருமை, எட்டு ஊருக்குப் பெருமை.

தட்டைத் தூக்கிக் காட்டினால் பிள்ளைகள் அந்த வரியைப் பாட வேண்டும். பாடினார்கள். மதிவதனிக்கு நல்ல கணீர்க் குரல். அவள் எடுத்துக் கொடுத்தால் மற்ற இருபதும் பின்னாலேயே வரும். ஒரே மாதத்தில் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டில் மதிவதனி எருமைப் பாட்டைப் பாடிக்கொண்டே சாப்பிடுவதையும், பாடிக்கொண்டே தூங்கிப்போவதையும் வளர்மதி கொட்டகை முழுவதும் சொல்லி வைத்திருந்தாள்.

பூர்ணிமா ஏமாளி இல்லை. பாட்டு ஓடுகிற வேகத்தில் பிள்ளைகள் வரிசையை மனப்பாடம் செய்துவிடுவார்கள் என்பது அவள் பாடத்திலேயே படித்தது. அதனால் தட்டுகளைக் குலுக்கிப் போட்டுக் காட்டினாள். ‘எ’ காட்டினால் எருமை வந்தது. உடனே ‘அ’ காட்டினால் அச்சு வந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் மாற்றிக் காட்டினாலும் ஒரு வரி பிசகவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போய், பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டுகிற தன் கணவன் தர்மராஜிடம், எனக்குப் பாடம் நடத்த வருகிறது என்று மட்டும் சொன்னாள். ஒன்பது வருஷமாக அவளுக்கு இருந்த சந்தேகம் அது ஒன்றுதான்.

ராஜம்மாள் அதைப் போனில் வீடியோ எடுத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கைதட்டும் பொம்மைகள் குவிந்தன. மேலே இருந்து ஒரு அதிகாரி, நேரில் வந்து பார்க்கிறேன் என்று செய்தி அனுப்பினார்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், ‘உ’ தட்டு கைதவறி விழுந்து உடைந்தது. இது ஒரு பெரிய விஷயமா? கம்பெனியிலிருந்து ஒரு நல்ல தட்டையே வாங்கிவந்து, அதே எனாமலில், அதே அளவில் ‘உ’ எழுதி மறுநாள் தூக்கிக் காட்டினாள்.

மதிவதனி பாட்டை எடுத்துக் கொடுக்கவில்லை, யாரும் பாடவில்லை.

கார்முகில் என்கிற பையன், டீச்சர் இது புதுத் தட்டு, இதுக்கு இன்னும் பாட்டு சொல்லிக்குடுக்கல என்றான். பூர்ணிமா சிரித்தாள். மதிவதனியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள். மதிவதனி தட்டைப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் வந்தாள்.

“இதுல புள்ளியே இல்லியே டீச்சர்.”

பூர்ணிமா தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிள்ளைகளை மதியச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டு, பெயின்ட் தின்னரில் நனைத்த துணியால் ‘ஈ’ தட்டில் இருந்த எழுத்தைச் சுத்தமாகத் துடைத்தாள். இப்போது அது விரிசல் விட்ட வெறும் தட்டு. பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் அந்த வெறும் தட்டைத் தூக்கிக் காட்டினாள். இருபத்தொரு தொண்டையும் ஒன்றாகத் திறந்து பாடியது.

ஈரத் தட்டைத் தொடாதே, ஈயே வந்து உக்காராதே.

கரும்பலகையில் பன்னிரண்டையும் எழுதிக் கேட்டாள். வீட்டில் அப்பா சொல்லிக்கொடுத்திருந்த இரண்டு பிள்ளைகளைத் தவிர ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மூன்று மாதமாக அவர்கள் சில்லையும் விரிசலையும் புள்ளியையும் படித்திருக்கிறார்கள். எழுத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியத்தை டீச்சர் கொடுக்கவும் இல்லை.

நேராக ராஜம்மாளிடம் போய் நடந்ததைச் சொன்னாள். பாட்டை நிறுத்தப் போவதில்லை, எல்லா எழுத்தையும் கரும்பலகையிலேயே எழுதி, நான் எழுதியதையும் பிள்ளைகள் எழுதியதையும் காட்டிக் காட்டிப் பாட வைத்தால் இரண்டு மாதத்தில் நிஜமாகவே படித்துவிடுவார்கள் என்றாள். ராஜம்மாள் கடைசிவரை கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பூர்ணிமா எதிர்த்து நின்றிருப்பாளோ என்னவோ.

“இன்னும் பத்து நாள்ல அதிகாரி வராங்க. உன்னை அடுத்த வருஷமும் வச்சிக்கணும்னு எழுதி வச்சிருக்கேன், அவங்க கையிலதான் குடுக்கணும். அவங்க பாத்துட்டுப் போவட்டும்மா. அப்புறம் நீ பலகையில எழுது, சொவுத்துல எழுது, நானா கேக்கப்போறேன்?”

பத்து நாள்தானே என்று பூர்ணிமா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று மாதம் போனதில் இன்னும் ஒரு பத்து நாள். பொய் சொல்லச் சொல்லவில்லையே, பாடத்தானே சொல்கிறார்கள். மனிதர்கள் தங்களுக்குத் தாங்களே எவ்வளவு நயமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை யாராவது எழுதி வைத்தால் நல்லது. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் டீச்சர் என்று வழிவிட்டார்கள். அவளைக் கம்பெனிக்காரி என்று சொல்லிக்கொண்டிருந்த நாத்தனார், பிள்ளையின் நோட்டைக் கொண்டுவந்து காட்டி சந்தேகம் கேட்டாள். அதையெல்லாம் ஒன்பது வருஷம் காத்திருந்து பெற்றவள், இரண்டு தட்டுக்காக விட்டுவிட மனசு வரவில்லை.

துடைத்த ‘ஈ’யைத் திரும்ப எழுதினாள். பிறகு புதுத் தட்டை எடுத்து, ‘உ’வுக்கு வலப்பக்கம், உடைந்த தட்டில் எங்கே இருந்ததோ அதே இடத்தில், ஒரு கறுப்புப் புள்ளியை வைத்தாள். புள்ளி அச்சாக விழுந்தது. தொழில்காரிக் கை. மறுநாள் தூக்கிக் காட்டியதும் மதிவதனியின் முகம் மலர்ந்தது. உப்பு மூட்டை ஏறு, ஊரைச் சுத்திப் பாரு.

அதிகாரி வந்தார். அவரே தட்டுகளைக் குலுக்கினார், அவரே மாற்றி மாற்றிக் காட்டினார். ஒரு வரி தப்பவில்லை. இந்த மாவட்டத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். அது உண்மைதான். ராஜம்மாளுக்குச் சால்வை போர்த்தினார்கள். புகைப்படத்தில் பூர்ணிமா ஓரத்தில் தட்டுகளை அடுக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். கரும்பலகை அதிகாரிக்குப் பின்னால்தான் இருந்தது. ஒரு சாக்பீஸை எடுத்து ஒரே ஒரு எழுத்தை எழுத அவருக்குத் தோன்றவில்லை.

பத்து நாள் முடிந்தது. அப்புறம்தான் கூத்தே ஆரம்பித்தது. பக்கத்து மங்களூர் ஒன்றியத்திலிருந்து ஒரு வாரம், கம்மாபுரம் ஒன்றியத்திலிருந்து ஒரு வாரம் என்று ஆசிரியர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். வருகிறவர்களுக்குப் பாடிக் காட்ட வேண்டும். பாடிக் காட்ட ஒத்திகை பார்க்க வேண்டும். பயிற்சி வகுப்பு நடக்கிற இடத்துக்கெல்லாம் நாலைந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். ஒவ்வொரு தடவையும் மதிவதனி போனாள். அவள் குரல் இல்லாமல் பாட்டு எழாது.

மிச்சப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பூர்ணிமா மதியத்துக்குமேல் பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுத்தாள். வெறியோடுதான் சொல்லிக்கொடுத்தாள். தரையில் எழுத வைத்தாள், ஒருவன் முதுகில் இன்னொருவனை விரலால் எழுத வைத்தாள். ஆண்டுத் தேர்வுக்குள் பதினான்கு பிள்ளைகள் நிஜமாகவே எழுத்துக் கூட்ட ஆரம்பித்தார்கள். கார்முகில் மருந்துக்கடைப் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வந்து சொன்ன அன்று அவளுக்குக் கண் நிறைந்தது. மதிவதனி அந்தப் பதினான்கில் இல்லை. எல்லோரையும் பாட வைத்த குழந்தை, பாடப் போன இடங்களில் மிட்டாய் வாங்கித் தின்றுகொண்டு, பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு நின்றது.

ஒரு தடவை பூர்ணிமாவால் பொறுக்க முடியவில்லை. ஒரு பயிற்சி வகுப்பில், நூறு ஆசிரியர்களுக்கு நடுவில் எழுந்து, பிள்ளைகள் தட்டைப் பார்க்கிறார்கள் எழுத்தைப் பார்ப்பதில்லை, தட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சொன்னாள். புள்ளியைப் பற்றிச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்கள். மேடையில் இருந்தவர், எந்த முறையிலும் சின்னச் சின்னக் குறை இருக்கத்தான் செய்யும், உட்காருங்க மேடம் என்றார். பின்வரிசையில் யாரோ, தன் ஐடியாவை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று வயிற்றெரிச்சல் என்றார்கள். 

ஜூனில் மாறுதல் கலந்தாய்வு நடந்து ஒன்றாம் வகுப்புக்கு நிரந்தர ஆசிரியை வந்துவிட்டார். அதில் யார் தப்பும் இல்லை. ராஜம்மாள் எழுதிக்கொடுத்த கடிதம் எந்த மேஜையில் இருந்ததோ, இருந்ததோ இல்லையோ. பூர்ணிமா பன்னிரண்டு தட்டுகளையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை கொட்டகையில் அவளுடைய பழைய பலகை அப்படியே இருந்தது. வளர்மதி ஒரு நிமிஷம் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தடுமாறினாள். பிறகு, “வாக்கா” என்றாள்.

அதோடு விட்டதா? அடுத்த மாதம் குருமூர்த்திக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. பள்ளிக்கூடங்களுக்கு எழுத்துத் தட்டு, செட்டுக்குப் பன்னிரண்டு. மாதிரித் தட்டைப் பார்த்ததும் பூர்ணிமாவால் உட்கார முடியவில்லை. ‘அ’வுக்குச் சிவப்பு விளிம்பு, ரோஜாப் பூ. ‘ஆ’வுக்குப் பச்சை விளிம்பு, கிளி. ‘உ’வுக்கு மஞ்சள் விளிம்பு, வாத்து. பிள்ளைகளைக் கவர வேண்டுமாம். செட்டோடு ஒரு பாட்டுப் புத்தகமும் உண்டு. அச்சில ஊத்துன மண்ணு அதில் முதல் வரி. பின்னட்டையில் தயாரித்த குழுவினர் என்று எட்டுப் பேர் இருந்தார்கள். அவள் இல்லை.

பெயர் இல்லாதது அவளுக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அன்று அவள் முதலாளியிடம் போய்ச் சொன்னது அதை அல்ல. எல்லாத் தட்டுக்கும் ஒரே வெள்ளை விளிம்பு வைக்கலாம், பூவும் கிளியும் வேண்டாம், இல்லாவிட்டால் பிள்ளைகள் வாத்தைப் பார்த்துப் பாடுவார்கள் என்றாள். குருமூர்த்தி நல்ல மனுஷன்தான். பொறுமையாகச் சொன்னார்.

“சாம்பிள் ஓகே ஆயிட்டுதும்மா. வாத்து இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. நீ கொண்டாந்த ஆர்டர்தானே இது, நீயே ஒக்காந்து போடு.”

உட்கார்ந்து போட்டாள். ஒரு வருஷம், இரண்டு வருஷம். சிவப்பு விளிம்பு, ரோஜா, ‘அ’. பச்சை விளிம்பு, கிளி, ‘ஆ’. பலகை சுற்றும்போது வாய் தானாக முணுமுணுக்கப் பார்க்கும். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். மெட்டு இல்லாததால் வளர்மதியின் கோடு கோணுவதும், அதற்கு அவள் திட்டு வாங்குவதும் வழக்கமாகிவிட்டது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை வளர்மதி வேலைக்கு வந்ததும் வராததுமாகச் சிரித்துக்கொண்டே கதை சொல்ல ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை கம்மாபுரத்தில் அவள் அம்மா வீட்டில் விசேஷம். பஸ் ஸ்டாண்டில் ஒரே கூட்டம். இரண்டு கையிலும் பை. மதிவதனியை முன்னால் ஓடவிட்டு, போர்டு பார்த்து ஏறி இடம் பிடிக்கச் சொல்லியிருக்கிறாள். பிள்ளை மூன்றாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். அவளும் ஒரு பஸ்ஸில் ஏறி ஜன்னலிலிருந்து கையைக் காட்டியிருக்கிறாள். ஏறி உட்கார்ந்து, பஸ் ஊரைத் தாண்டி வெகுதூரம் போனபிறகுதான் அது பெண்ணாடம் போகிற பஸ் என்று தெரிந்திருக்கிறது.

“ஏன்டி, போர்டு பாக்கலியான்னு கேட்டா, முன்னாடி கண்ணாடில செவப்புக் குஞ்சம் தொங்குச்சிம்மா, நம்ம பஸ்ஸுன்னு நெனச்சேன்னு சொல்றாக்கா. இப்பதான் டவுன் பஸ்ஸு எல்லாத்துக்கும் மூஞ்சில ரோஸ் பெயின்ட்டு அடிச்சி வச்சிருக்கானுங்களே, பாவம், குஞ்சத்தப் பாத்துதான் கண்டுபிடிப்பாளாம்.”

கொட்டகையே சிரித்தது. பூர்ணிமா சிரிக்கவில்லை. பலகை கையிலிருந்து நழுவித் தானாகச் சுற்றி நின்றது.

வளர்மதியும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். பிள்ளைக்குப் படிப்பே ஏற மாட்டேன் என்கிறது, நோட்டைப் பார்த்தால் அப்படியே வரைந்து வைத்திருக்கிறாள், வாயைத் திறந்து படி என்றால் அழுகிறாள், மூளையில் ஏதாவது கோளாறோ, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாமா என்று கேட்டாள். போன வாரம் அதற்காகவே அவளை அடித்துவிட்டதாகவும், தோளில் வீங்கிவிட்டதாகவும் சொன்னாள்.

“நீங்க சொல்லிக்குடுத்தப்ப அவ்ளோ நல்லா பாடுனாளேக்கா. எல்லா எழுத்தும் தெரிஞ்சி வச்சிருந்தாளே.”

பூர்ணிமா கையில் இருந்த தட்டைப் பார்த்தாள். மஞ்சள் விளிம்பு காய்ந்திருந்தது. வாத்தும் போட்டாகிவிட்டது. எழுத்துதான் பாக்கி. சும்மா தலையாட்டியிருந்தால் அன்றைய பொழுது போயிருக்கும். ஆனால் அந்தக் குழந்தையின் தோள் வீங்கியிருக்கிறது.

“மூளையில ஒரு கோளாறும் இல்ல வளர்மதி. அவளுக்குத் தட்டுதான் தெரியும், எழுத்து தெரியாது. அப்பவும் தெரியாது. அதிகாரி வர்றதுக்குப் பத்து நாள் முந்தியே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. ஒடஞ்ச தட்டுக்குப் பதிலா புதுத் தட்டுல புள்ளி வச்சதே நான்தான்.”

வளர்மதிக்கு உடனே புரியவில்லை. பூர்ணிமா எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். சில்லு, விரிசல், வெறும் தட்டு, ராஜம்மாள், அடுத்த வருஷ வேலை, ஒன்றையும் விடவில்லை. சொல்லிமுடித்து, தினம் சாயங்காலம் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பு, நான் பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரே மாதத்தில் படிக்க வைக்கிறேன் என்றாள்.

வளர்மதி தூரிகையைத் தண்ணீரில் அலசினாள். அது சுத்தமான பிறகும் அலசிக்கொண்டிருந்தாள்.

“தெரிஞ்சேதான் பாட வச்சீங்களா, டீச்சர்?”

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கொட்டகையில் அவளை யாரோ டீச்சர் என்று கூப்பிட்டார்கள். பூர்ணிமா ஆமாம் என்றாள்.

 வளர்மதி பிள்ளையை அனுப்புகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. தன் சுற்றும் பலகையையும் வண்ணக் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு, கொட்டகையின் அந்தக் கோடியில் இருந்த காலி இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் நாற்பது செட் முடிக்க வேண்டியிருந்தது. பூர்ணிமா வாத்துக்குப் பக்கத்தில் ‘உ’ எழுதினாள்.